மாட்டுப் பொங்கலன்று மாட்டுக்கு எவ்வளவு பொங்கல்?

தை மாதம் இரண்டாம் நாள் மாட்டுப் பொங்கல். அன்று மாட்டைக் குளிப்பாட்டி, கொம்பு சீவி, வர்ணம் தீட்டி, மாலை போட்டு, தொழுவத்திலேயே பொங்கலிட்டு, அந்தப் பொங்கலை முதலில் மாட்டுக்கு ஊட்டிய பிறகே வீட்டார் சாப்பிடுவது நம் வழக்கம். ஆண்டு முழுவதும் உழைத்த பிராணிக்கு நன்றி சொல்லும் நல்ல வழக்கம் இது. இதை விட்டுவிடும்படி யாரும் சொல்லப் போவதில்லை. ஆனால் ஊட்டும் அளவைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் கால்நடை மருந்தகத்துக்கு வரும் புகார்களைக் கேட்டால் விஷயம் விளங்கும். "நேற்று வரை நன்றாகக் கறந்தது, இன்று காலையில் தீவனம் எடுக்கவில்லை, அசை போடவில்லை, சாணம் தண்ணீராகப் போகிறது, நிற்க வைத்தால் தள்ளாடுகிறது." மாட்டுக்குக் கண் பட்டுவிட்டது என்பார் சிலர். பனியில் நின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்பார் வேறு சிலர். மருத்துவர் துருவிக் கேட்டால்தான் முதல் நாள் ஒரு பானைப் பொங்கல் அதன் வயிற்றுக்குள் போன கதை வெளியே வரும். ஒன்றிரண்டு மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றி, அந்தப் பணத்தில் கடன் தவணை கட்டும் குடும்பத்துக்கு இது சிறிய நஷ்டமல்ல. மாடு பிழைத்துக்கொண்டாலும் அந்த ஈற்றின் பால் பழைய அளவுக்குத் திரும்புவது கடினம்.

பெருவயிற்றில் நடப்பது என்ன?

மாட்டின் வயிறு நான்கு அறைகள் கொண்டது. அவற்றில் முதலாவதும் மிகப் பெரியதும் பெருவயிறு. வயிற்றின் இடது பக்கம் முழுவதையும் அதுவே அடைத்துக்கொண்டிருக்கிறது. வளர்ந்த கறவை மாட்டில் அதன் கொள்ளளவு 100 லிட்டருக்கும் மேல். வைக்கோலையும் புல்லையும் ஜீரணிப்பது உண்மையில் மாடு அல்ல. பெருவயிற்றுக்குள் வாழும் கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள்தான். மாடு அவற்றுக்குத் தீனி போடுகிறது. அவை மாட்டுக்குச் சத்து தருகின்றன.

எந்தத் தீனியை வழக்கமாகப் போடுகிறோமோ அந்தத் தீனிக்கு ஏற்ற நுண்ணுயிர்களே அங்கு பெருகியிருக்கும். வைக்கோல் தின்னும் மாட்டில் நாரைக் கரைப்பவை அதிகம். தானியத்தையும் சர்க்கரையையும் புளிக்க வைப்பவை குறைவு. திடீரென்று ஒரு நாள் மாவுச்சத்து நிறைய உள்ளே வந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். மாவையும் சர்க்கரையையும் தின்னும் நுண்ணுயிர்கள் சில மணி நேரத்துக்குள் பல மடங்காகப் பெருகி, லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகின்றன. தயிரைப் புளிக்கச் செய்வதும் இதே அமிலம்தான். இட்லி மாவை இரவில் ஆட்டி வைத்தால் காலையில் பொங்கிப் புளித்து நிற்கிறதல்லவா? அதைப் போன்ற ஒரு வேலை நூறு லிட்டர் பானைக்குள், மாட்டின் உடல் சூட்டில், நடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புளிப்பு ஏற ஏற, நாரைக் கரைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்துப் போகின்றன. பெருவயிற்றின் அசைவு நின்றுவிடுகிறது. சாதாரண நாளில் அங்குள்ள கார அமில நிலை 6-க்கும் 7-க்கும் இடையில் இருக்கும். அது 5-க்கும் கீழே இறங்கினால் உயிருக்கு ஆபத்து. இதனோடு நிற்பதில்லை. உப்பு போட்ட மாங்காய் தண்ணீர் விடுவது போல, பெருவயிற்றில் சேர்ந்த அமிலம் இரத்தத்திலுள்ள நீரை வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. வயிறு நிறையத் தண்ணீர், உடம்பிலோ வறட்சி. கண் குழி விழுவது இதனால்தான். கடைசியில் அமிலம் இரத்தத்திலும் கலக்கிறது. அதன் பிறகு மாடு படுத்துவிடும்.

பொங்கலில் இந்த ஆபத்து ஏன் அதிகம்? பச்சை நெல்லை விட அரிசியும், அரிசியை விட வெந்து குழைந்த சோறும் விரைவில் புளிக்கும். சர்க்கரைப் பொங்கலில் வெல்லமும் சேர்ந்துவிடுகிறது. கூடவே வாழைப்பழம், கரும்பு. இன்னொரு காரணமும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. வைக்கோலை மெல்லும்போதும் அசை போடும்போதும் மாட்டின் வாயில் உமிழ்நீர் ஏராளமாகச் சுரக்கிறது. நன்றாக நார்த்தீவனம் தின்னும் பெரிய கறவை மாட்டில் ஒரு நாளைக்கு 100 லிட்டருக்கும் மேல் சுரக்கும். சமையல் சோடாவில் உள்ள அதே சோடா உப்பு இந்த உமிழ்நீரிலும் இருக்கிறது. அதுதான் பெருவயிற்றின் புளிப்பை அன்றாடம் ஆற்றி வைக்கிறது. குழைந்த பொங்கலை மெல்ல வேண்டியதில்லை. நக்கினால் தொண்டையில் இறங்கிவிடுகிறது. மென்றால்தானே உமிழ்நீர் ஊறும்?

அளவு எப்படி மீறுகிறது?

எந்த விவசாயியும் வேண்டுமென்று ஒரு பானைப் பொங்கலை மாட்டுக்கு வைப்பதில்லை. அளவு மீறுவது வேறு வழிகளில்.

வீட்டுக்காரர் ஒரு கவளம் ஊட்டுகிறார். அம்மாவும் பிள்ளைகளும் ஆளுக்கு ஒரு கவளம் கொடுக்கிறார்கள். ஊரிலிருந்து வந்த பேரப்பிள்ளைகளுக்கு மாடு நக்குவது வேடிக்கை. அவர்கள் பத்து தடவை ஓடி வருகிறார்கள். பங்காளி வீட்டிலிருந்து ஒரு இலை, எதிர் வீட்டிலிருந்து ஒரு இலை. யார் எவ்வளவு கொடுத்தார் என்ற கணக்கு யாரிடமும் இல்லை. சாதுவான மாட்டுக்கே இந்த ஆபத்து அதிகம். முட்டும் மாட்டின் அருகில் யாரும் போவதில்லை.

இதை விடக் கெட்டது மறுநாள் காலையில் நடக்கிறது. பானையில் மிஞ்சிய பொங்கல், குண்டானில் மிஞ்சிய சோறு, ஊறிப்போன வடை, இலையில் ஒதுக்கியது எல்லாம் கழுநீர்த் தொட்டியில் கொட்டப்படுகின்றன. வீணாக்கக் கூடாது என்ற நல்ல எண்ணம்தான். வருடத்தில் மற்ற நாட்களில் தொட்டியில் ஒரு கைப்பிடி சோறு விழுந்தால் அதிகம். அன்று படிக்கணக்கில் விழுகிறது, அதுவும் ஓர் இரவு புளித்த பிறகு. இரண்டு மூன்று மாடுகள் ஒரே தொட்டியில் வாய் வைக்கும் வீட்டில், மற்றவற்றை முட்டித் தள்ளிவிட்டு மொத்தத்தையும் உறிஞ்சும் மாடு ஒன்று இருக்கும். மறுநாள் படுப்பது அதுதான். நான் அறிந்த வரையில், தொழுவத்தில் ஊட்டிய பொங்கலால் கெட்ட மாடுகளை விடத் தொட்டியில் கொட்டிய மிச்சத்தால் கெட்டவையே அதிகம்.

பூஜையன்று மாட்டைப் பட்டினி போடுவதும் தவறு. காலையில் ஏரிக்கு ஓட்டிப் போய்க் குளிப்பாட்டி, வெயிலில் கட்டிக் காய வைத்து, வர்ணம் பூசி, பூஜைக்கு நல்ல நேரம் பார்த்து மாலை வந்துவிடுகிறது. அது வரை மாட்டுக்குச் சரியான தீனி இல்லை. பசித்த மாடு எதையும் அவசரமாகத் தின்னும். வெறும் வயிற்றில் முதலில் விழுவது சர்க்கரைப் பொங்கல்.

எவ்வளவு கொடுக்கலாம்?

இவ்வளவு தின்றால் நோய் வரும், இதற்குக் குறைந்தால் வராது என்று எல்லா மாட்டுக்கும் பொதுவான ஒரு கோடு கிழிக்க முடியாது. தினமும் சோளமாவும் தவிடும் தின்று பழகிய கலப்பின மாடு தாங்கும் அளவை, வைக்கோலும் மேய்ச்சலுமே கண்ட நாட்டு மாடு தாங்காது. இளைத்த மாடும் கிடேரியும் இன்னும் குறைவாகவே தாங்கும். ஆகையால் சந்தேகத்துக்கு இடமில்லாத அளவை வைத்துக்கொள்வதே நல்லது. வளர்ந்த மாட்டுக்கு எல்லோர் கையிலிருந்தும் சேர்த்து அன்றைக்கு மொத்தம் இரண்டு கைப்பிடி. பால் குடிக்கும் கன்றுக்கு நெற்றியில் பொட்டு வைத்தால் போதும், பொங்கல் வேண்டாம். தோலோடு ஒன்றிரண்டு வாழைப்பழம் கொடுக்கலாம். சீப்புக் கணக்கில் கூடாது. கரும்புத் துண்டு தொண்டையில் அடைக்கும்; அதற்குப் பதில் கரும்புத் தோகையை நறுக்கிப் போட்டால் மாடு விரும்பித் தின்னும், கெடுதியும் இல்லை.

அந்த இரண்டு கைப்பிடியையும் ஒரு தனி இலையில் எடுத்து வைத்துவிடுங்கள். பெரியவர்களும் பிள்ளைகளும் அந்த இலையிலிருந்து மட்டுமே ஊட்டட்டும். இலை காலியானால் அன்றைய ஊட்டல் முடிந்தது. அப்புறம் வருகிற பிள்ளைகளின் கையில் ஆளுக்கு ஒரு பிடி பசும்புல்லோ அகத்திக்கீரையோ கொடுத்து ஊட்டச் சொல்லலாம். அவர்களுக்கும் மகிழ்ச்சி குறையாது. பூஜைக்கு இரண்டு மணி நேரம் முன்பே மாட்டுக்கு வைக்கோலும் பசுந்தீவனமும் வயிறு நிறையப் போட்டு, தண்ணீர் காட்டி, அசை போட விட வேண்டும். மிச்சச் சோற்றைத் தொட்டியில் கொட்டாமல் குப்பைக் குழியில் போட்டு மண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள். எருவாகும், வீணாகாது. மூடாமல் விட்டால் அவிழ்த்து விட்ட மாடு அங்கேயே போய் நிற்கும்.

நோயின் அறிகுறிகள்

தின்றவுடன் ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 12 மணி நேரத்திலிருந்து ஒன்றரை நாளுக்குள் தெரிய வரும். முதலில் மாடு தீவனத்தை மோந்து பார்த்து விலகும். அசை போடுவது நிற்கும். பால் சட்டென்று குறையும். பல்லை நறநறவென்று கடிக்கும். பின்காலால் வயிற்றை உதைத்துக்கொள்ளும். இடது பக்கத்தில், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. அங்கே முட்டியை அழுத்தி வைத்து இரண்டு நிமிடம் பாருங்கள். நல்ல மாட்டில் இரண்டு மூன்று தடவை உள்ளிருந்து உங்கள் கையைத் தள்ளும். நோய் கண்ட மாட்டில் அசைவே இருக்காது. பள்ளம் மேடாகி இருக்கும். தள்ளிப் பார்த்தால் குடத்து நீர் போலத் தளும்பும். இந்த முட்டிச் சோதனையை நல்ல மாட்டிடம் இப்போதே இரண்டு தடவை செய்து பழகிக்கொண்டால்தான் அவசரத்தில் வித்தியாசம் தெரியும்.

சாணம் முதலில் இளகி, பிறகு சாம்பல் நிறத்தில் தண்ணீராக, புளித்த நாற்றத்துடன் போகும். சோற்றுப் பருக்கை அப்படியே தெரிவதும் உண்டு. கண் குழி விழும். குடித்தவனைப் போலத் தள்ளாடும். கடைசி நிலையில் படுத்துக்கொண்டு தலையை விலாப்பக்கம் திருப்பி வைத்துக்கொள்ளும். காதும் உடம்பும் சில்லிட்டுவிடும்.

கடைசியில் சொன்ன தோற்றம் கன்று ஈன்ற மாட்டுக்கு வரும் பால் காய்ச்சலைப் போலவே இருக்கும். பால் காய்ச்சலுக்குச் சுண்ணாம்புச் சத்து ஊசி போட்டால் மாடு எழுந்துவிடும். புளிப்பு நோய்க்கு அது மருந்தல்ல. மருத்துவர் சரியான முடிவுக்கு வர உங்கள் வாக்குமூலம் வேண்டும். மாடு எதை, எவ்வளவு, எத்தனை மணிக்குத் தின்றது என்பதை ஒளிக்காமல் சொல்லுங்கள். விருந்தாளி கொடுத்தார், பிள்ளை கொடுத்தது, சொன்னால் வருத்தப்படுவார்கள் என்று மறைப்பவர்கள் உண்டு. அதனால் அரை நாள் வீணாகும். இந்த நோயில் அரை நாள் என்பது பெரிய கணக்கு.

உடனே செய்ய வேண்டியவை

மாடு அதிகமாகத் தின்றுவிட்டது என்று தெரிந்தால் அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டாம். மீதியை எட்டாத இடத்துக்கு மாற்றுங்கள். புண்ணாக்கு, தவிடு, கஞ்சி, பருத்திக்கொட்டை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு உலர்ந்த வைக்கோல் மட்டும் போடுங்கள். தண்ணீரைத் தொட்டி தொட்டியாகக் குடிக்க விடலாகாது. முதல் நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினால் போதும். மெதுவாக நடக்க விடுவது நல்லது.

சமையல் சோடா, அதாவது ஆப்ப சோடா, வீட்டில் இருந்தால் வளர்ந்த மாட்டுக்கு 100 கிராம் எடுத்து ஒன்றரை லிட்டர் வெதுவெதுப்பான நீரில் கரைத்துப் புகட்டலாம். வளர்ந்த ஆட்டுக்கு 10 கிராம், கால் லிட்டர் நீரில். இதில் மூன்று எச்சரிக்கைகள். முதலாவது, துணி துவைக்கும் சலவை சோடா வேறு, சமையல் சோடா வேறு; மாற்றிக் கொடுத்தால் வாயும் குடலும் வெந்துவிடும். இரண்டாவது, படுத்துவிட்ட மாட்டுக்கும் விழுங்கத் திராணியற்ற மாட்டுக்கும் எதையும் வாய் வழியாக ஊற்றவே கூடாது. நிற்கும் மாட்டுக்கும் நாக்கை இழுத்துப் பிடித்து, தலையை வானத்தைப் பார்க்கத் தூக்கி ஊற்றினால் மருந்து நுரையீரலுக்குள் போகும். பொங்கலுக்குத் தப்பிய மாடு புரையேறிச் செத்த கதை நிறைய உண்டு. முகவாய் தரைக்கு இணையாக இருந்தால் போதும். வாயின் ஓரத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, விழுங்கிய பிறகு அடுத்த வாய். இருமினால் உடனே தலையை விட்டுவிடுங்கள். மூன்றாவது, சோடா புளிப்பில் பட்டால் காற்று உண்டாகும். வயிறு ஏற்கெனவே உப்பி மூச்சு வாங்கும் மாட்டுக்கு நீங்களாகச் சோடா கொடுக்க வேண்டாம். மருத்துவர் குழாய் விட்டுக் காற்றை இறக்கிய பிறகு கொடுப்பார்.

புளிக் கரைசலும் புளித்த மோரும் இந்த நோய்க்கு ஆகவே ஆகாது. ஏற்கெனவே அமிலத்தால் தவிக்கும் வயிற்றில் மேலும் அமிலத்தை ஊற்றுவதாகும் அது. எண்ணெய் சிலவகை வயிற்று உப்புசத்துக்கு உதவும், புளிப்பை மாற்றாது.

சோடா கொடுத்தாகிவிட்டது என்று இருந்துவிடலாகாது. அது மருத்துவர் வரும் வரைக்கான உபாயம் மட்டுமே. முற்றிய மாட்டுக்கு இரத்தக் குழாய் வழியாக மருந்தும் நீரும் ஏற்ற வேண்டும். தேவைப்பட்டால் வயிற்றைத் திறந்து தின்றதை வாரி வெளியே எடுப்பார்கள்; இதை நேரத்தோடு செய்தால்தான் பலன். பொங்கலையொட்டி அலுவலகங்களுக்குத் தொடர் விடுமுறை. ஆகையால் போகிக்கு முன்பே உங்கள் பகுதி கால்நடை உதவி மருத்துவரிடம் விடுமுறை நாட்களில் யாரைப் பார்ப்பது என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் உதவி கிடைக்கும். தொழுவத்துத் தூணில் இந்த எண்ணைச் சுண்ணாம்பால் எழுதி வைப்பது நல்லது. அவசரத்தில் கைபேசியைத் தேடுவதே பெரும்பாடு, எண்ணை எங்கே தேடுவது!

பிழைத்த மாட்டைக் கவனித்தல்

மாடு எழுந்து நின்று ஒரு வாய் வைக்கோல் தின்றதும் பழையபடி அடர்தீவனத்தை வைத்துவிடுகிறார்கள். அது தவறு. செத்துப்போன நல்ல நுண்ணுயிர்கள் மறுபடி பெருக நாள் பிடிக்கும். நல்ல மாட்டின் பெருவயிற்று நீரை எடுத்து நோயுற்ற மாட்டுக்குக் குழாய் வழியாகக் கொடுக்கும் முறையை மருத்துவர்கள் கையாளுகிறார்கள். தயிருக்கு உறை ஊற்றுவது போன்ற வேலைதான். மாடு ஒழுங்காக அசை போடத் தொடங்கிய பிறகு அடர்தீவனத்தை ஒரு கைப்பிடியில் ஆரம்பித்து, இரண்டு மூன்று வாரத்தில் பழைய அளவுக்குக் கொண்டு வர வேண்டும். சில மாடுகளுக்கு நோய் தீர்ந்த பின் குளம்பு நோவு கண்டு நொண்டும். சினை மாடாக இருந்தால் கன்று வீசும் ஆபத்தும் உண்டு. எனவே சினைக்காலத்தைப் பற்றி மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாலையும் வர்ணமும்

மாலைக்கு அரளிப்பூ வேண்டவே வேண்டாம். செவ்வரளி பார்க்க அழகு, விலையும் மலிவு, கோவில் மாலைகளில் தாராளமாக வருகிறது. ஆனால் அரளியின் இலை, பூ, பட்டை, குச்சி எல்லாமே நஞ்சு. காய்ந்தாலும் நஞ்சு போகாது. ஒரு கைப்பிடி இலை ஒரு மாட்டின் இதயத்தை நிறுத்தப் போதும். தன் கழுத்து மாலையை மாடு தின்ன முடியாவிட்டாலும் பக்கத்தில் கட்டிய மாடு எட்டிக் கடித்துவிடும். பூஜை முடிந்து கழற்றிய மாலையை வேலியோரம் எறிந்தால் ஆடு தேடிப்போய்த் தின்னும். ஆவாரம்பூ, பூளைப்பூ, மாவிலை, வேப்பிலை இவை போதாதா? நெட்டி மாலை போட்டாலும் பூஜை முடிந்ததும் கழற்றி உயரத்தில் மாட்டிவிடுங்கள். சரிகைத் தாள், பிளாஸ்டிக் மாலை, பலூன் இவை மாட்டின் வயிற்றுக்குள் போனால் வெளியே வருவதில்லை. வருடக்கணக்கில் சேர்ந்து பெருவயிற்றை அடைத்துக்கொள்ளும்.

கொம்புக்குப் பூசும் எண்ணெய் வர்ணத்திலும் கவனம் தேவை. வீட்டு வர்ணங்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் பரணில் கிடக்கும் பழைய டப்பாவுக்கு அந்த விதி தெரியாது. இரும்புக்கும் இயந்திரத்துக்கும் அடிக்கும் தொழிற்சாலை வர்ணமும் இந்த விதிக்குள் வராது. ஈய வர்ணம் மாட்டுக்கு நாக்கில் இனிக்கும் போலும்; டப்பாவை வழித்து நக்கும். கன்றுகள் தாயின் கொம்பையும் நக்கும். ஈயம் ஏறிய கன்று கண் தெரியாமல் சுவரில் முட்டும், பல்லைக் கடிக்கும், வலிப்பு வந்து சாகும். காவியும் சுண்ணாம்பும் மஞ்சளும் நம் பாட்டன் காலத்து வர்ணங்கள். ஒரு வாரம் நிற்கும், அது போதும். எண்ணெய் வர்ணம்தான் வேண்டும் என்றால் புதிதாக, ஈயமற்றது என்று பார்த்து வாங்கி, காய்ந்த பிறகே மாட்டை மற்றவற்றோடு கட்டுங்கள். வேலை முடிந்ததும் டப்பாவையும் தூரிகையையும் அப்புறப்படுத்த மறக்க வேண்டாம். கொம்பைச் சீவும்போது நுனியை மட்டும் மழுக்கினால் போதும். ஆழமாகச் சீவினால் உள்ளே இரத்தக் குழாய் இருக்கிறது.

புது மூக்கணாங்கயிறு பருத்தியாக இருக்கட்டும். நைலான் கயிறு மூக்கை அறுக்கும். நிறைசினை மாட்டை ஊர்வலத்தில் ஓட்டுவதும் நெருப்பைத் தாண்ட வைப்பதும் வேண்டாம்.

ஆடுகளும் வீட்டு நாயும்

ஆட்டுக்கும் இதே புளிப்பு நோய் வரும், மாட்டை விடச் சீக்கிரமாக. பொங்கல் சமயம் சம்பா அறுவடை நேரமாகவும் இருப்பதால் களத்து நெல்லிலும் ஆபத்து இருக்கிறது. எல்லோரும் மாட்டைச் சுற்றி நிற்கும்போது அவிழ்ந்த ஆடு நெல் அம்பாரத்தில் வாய் வைத்துவிடும். வயிறு முட்டத் தின்றுவிட்டு அடுத்த நாள் உப்பிப் படுக்கும். திடீரென்று செழிப்பான தீனி கிடைத்த செம்மறிகளுக்குத் துள்ளுமாரி நோய் கண்டு, அறிகுறி எதுவும் தெரியுமுன்னே துள்ளி விழுந்து சாவதும் உண்டு. அதற்குத் தடுப்பூசி இருக்கிறது. மார்கழியிலேயே மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளலாம். களத்துக்குப் படல் கட்டி வைப்பது அதை விட எளிது.

நாய்க்கு ஊட்டும் பொங்கலில் திராட்சை இருக்கக் கூடாது. உலர்ந்த திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சில நாய்களுக்குச் சிறிதளவே போதும். காணும் பொங்கலன்று கறி சமைத்தால் வெந்த கோழி எலும்பை நாய்க்குப் போடலாகாது. வெந்த எலும்பு ஊசி ஊசியாக உடைந்து குடலைக் குத்தும். எலும்பை மிச்சச் சோற்றோடு ஒரே குழியில் கொட்டவும் வேண்டாம். நாய் அதைத் தோண்டி எடுக்கும்போது மூடியிருந்த சோறும் வெளியே வரும், மாடு அங்கே வந்துவிடும். தனியாக, ஒரு முழ ஆழத்தில் புதையுங்கள்.